டேலி ஆன நோட்டு

ஒரு கணக்கு நோட்டு ஆறு மாதம் ஒரு தடவைகூடப் பிசகாமல் டேலி ஆனால் சந்தோஷப்படக் கூடாது, சந்தேகப்பட வேண்டும். கணக்குப் பிரிவில் 18 வருஷமாகக் குப்பை கொட்டுகிற எனக்கு இது தெரியாததல்ல. ஆபீசில் யாராவது அப்படி ஒரு கேஷ் புக்கைக் கொண்டுவந்து நீட்டினால் முதல் வேலையாக வவுச்சரைத்தான் கேட்பேன். ஆனால் இந்த நோட்டை நீட்டியது பெற்ற பிள்ளை. 15 வயது. மாதாமாதம் கைச்செலவுக்குக் கொடுக்கிற பணத்துக்குத் தேதிவாரியாகக் கணக்கு எழுதிக் காட்ட வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். அவனும் மாதக் கடைசியில் சமர்த்தாகக் கொண்டுவந்து வைப்பான். இடதுபக்கம் வரவு, வலதுபக்கம் செலவு, அடியில் கோடு, மீதி பூஜ்யம். நான் ஓரத்தில் ஒரு டிக் போட்டுக் கையெழுத்தும் போடுவேன். கூட வேலை செய்கிறவர்களிடம் இதைப் பற்றிப் பீற்றிக்கொள்ளவும் செய்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்.

ஏழாவது மாதத்தின் கடைசி நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவள் அவன் அறையில் விளக்கு எரிவதைப் பார்த்து எட்டிப் பார்த்தேன். நோட்டு விரிந்திருந்தது, பக்கத்தில் போனில் கால்குலேட்டர். பக்கத்தின் கடைசி வரியில் ‘மீதி: 0’ என்று முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தான். 30-ஆம் தேதி, 28, 25. ஒவ்வொரு வரிக்கும் நெற்றியைச் சுருக்கி யோசித்து ஒரு தொகையை வைத்தான், கால்குலேட்டரில் தட்டினான், கொஞ்சம் கூட்டினான், கொஞ்சம் குறைத்தான். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. நோட்டை வாங்கிப் பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. 3-ஆம் தேதி எழுதியதும் 27-ஆம் தேதி எழுதியதும் ஒரே மூச்சில் எழுதியவை. தொகைகள் எல்லாம் 0-இலோ 5-இலோ முடிந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிக்கு முந்தைய வரி ‘இதர’. டேலி ஆகாத மிச்சம் மொத்தத்தையும் அந்த ஒரு வரி தூக்கிச் சுமந்துகொண்டிருந்தது. ஆறு மாதமாக இதற்குத்தான் டிக் போட்டிருக்கிறேன்.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் அதற்குள், கொஞ்சம்கூடப் பதற்றமில்லாமல், “டேலி ஆகணும்னுதானம்மா கேட்ட? ஆயிடுச்சுல்ல” என்றான்.

இது திமிர் இல்லை. அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை, நான் எதற்குக் கோபப்படுகிறேன் என்று. நான் கேட்டதை அவன் கொடுத்திருக்கிறான். அந்தப் பதில் வாரக்கணக்கில் என் காதுக்குள்ளேயே கிடந்தது.

நான் போட்ட சட்டங்கள்

யோசித்துப் பார்த்தால் தப்பு என் பக்கம் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று, மாதக் கடைசியில் மீதி இருந்தால் அதை அடுத்த மாதப் பணத்தில் கழித்துக்கொள்வேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன். சிக்கனத்தைக் கற்றுத்தருகிறேன் என்று நினைத்துத்தான் சொன்னேன். ஆனால் இதே விதி பெரிய அலுவலகங்களை என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியும். செலவழிக்காத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்றால் நிதியாண்டு முடிகிற கடைசி வாரத்தில் தேவையில்லாத நாற்காலியும் பிரிண்டரும் வந்து இறங்கும். அமெரிக்க மத்திய அரசின் கொள்முதல்களை ஆராய்ந்து ஜெஃப்ரி லீப்மன், நீல் மஹோனி இருவரும் 2017-இல் எழுதிய கட்டுரையில் இதற்குக் கணக்கே இருக்கிறது: ஆண்டின் கடைசி வாரச் செலவு, மற்ற வாரங்களின் சராசரியைப்போல 4.9 மடங்கு. அப்படி அள்ளிப்போட்டுத் தொடங்கிய தகவல் தொழில்நுட்பத் திட்டங்கள் தரத்திலும் மட்டமாக இருந்தன. உலகத்தின் பெரிய கஜானா தடுமாறுகிற இடத்தில் 15 வயதுப் பையனைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஏனடா மீதி எப்போதும் பூஜ்யம் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மிச்சம் பிடித்தால் அம்மா எடுத்துக்கொள்வாள். எந்தப் பைத்தியக்காரன் மிச்சம் பிடிப்பான்?

இரண்டாவது தப்பு இதைவிடப் பெரியது. நான் கேட்டது கணக்கு. கற்றுத்தருவதாக நினைத்துக்கொண்டிருந்தது பட்ஜெட். கணக்கு என்பது செத்துப்போன பணத்துக்கு எழுதுகிற குறிப்பு. பட்ஜெட் இன்னும் உயிரோடிருக்கிற பணத்தைப் பற்றியது. முதலாவதில் நேர்மை போதும், இரண்டாவதில் ஆசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எது முன்னால், எது பின்னால் என்று முடிவெடுக்க வேண்டும். என் மகன் அந்த ஏழு மாதத்தில் ஒரு முடிவும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய தேவையே இல்லை.

ஏன் இல்லை என்பதை ஒரு பழைய சூத்திரத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனபோதுதான் கண்டுகொண்டேன். வருமானத்தில் பாதி தேவைகளுக்கு, 30 சதவீதம் ஆசைகளுக்கு, 20 சதவீதம் சேமிப்புக்கும் கடனடைப்புக்கும் என்கிற 50-30-20. அமெரிக்கச் சட்டப் பேராசிரியராக இருந்த எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005-இல் பிரபலமாக்கியது, இன்று பணம் பற்றிப் பேசுகிற யாரும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. தாளில் மூன்று கட்டம் போட்டு, “முதல் கட்டத்தில உன் தேவையெல்லாம் எழுது” என்றேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தான். எழுத ஒன்றுமில்லை. உடுப்பு நான் வாங்குகிறேன், ஷூ நான் வாங்குகிறேன், போன் ரீசார்ஜ் அவன் அப்பா, முடிவெட்டக் காசு யார் கையில் சில்லறை இருக்கிறதோ அவர்கள். அவனிடம் இருந்தது ஆசைக்கான காசு மட்டும்தான். முழுக்க ஆசையாக இருக்கிற பணத்தில் என்ன பட்ஜெட் போடுவது? தீர்ந்தால் தீர்ந்தது, உலகம் நின்றுவிடாது. கூடவே பாட்டி அவ்வப்போது கையில் திணிக்கிற நோட்டுகள் வேறு, நோட்டின் வரவுப் பக்கத்தில் ஏறாமல்.

பாடம் நடத்தவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கூட்டு வட்டி சொல்லியிருக்கிறேன், கடன் அட்டை எப்படிக் கையைக் கடிக்கும் என்று படம் வரைந்து காட்டியிருக்கிறேன். எல்லாம் விழலுக்கு இறைத்த நீர். ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெடமேயர் என்கிற மூன்று ஆய்வாளர்கள் 2014-இல் 201 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: மக்கள் பணத்தைக் கையாளும் விதத்தில் தெரிகிற வேறுபாடுகளில் நிதிக் கல்வியால் விளக்க முடிந்தது 0.1 சதவீதம்தான். மணிக்கணக்கில் நடத்திய வகுப்பாக இருந்தாலும் 20 மாதம் போனால் அதன் தடம் ஏறக்குறைய அழிந்துவிடுகிறது. இதை வைத்து மொத்தப் படிப்பும் வீண் என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. 76 கட்டுப்பாட்டுச் சோதனைகளைத் தொகுத்து 2022-இல் வந்த இன்னொரு ஆய்வு, பலன் இருக்கத்தான் செய்கிறது என்று காட்டியது. எனக்கு அந்த மூவரின் ஆய்வில் பிடித்தது அவர்கள் கடைசியில் சொன்ன யோசனை: முடிவெடுக்க வேண்டிய நேரத்துக்குப் பக்கத்தில் பாடத்தைக் கொண்டுவாருங்கள். சரி, என் வீட்டில் முடிவெடுக்கிற நேரமே இல்லையே. அதை முதலில் உண்டாக்க வேண்டும்.

தலைப்பு மாற்றம்

என் வங்கி ஸ்டேட்மென்ட்டை 12 மாதத்துக்கு இறக்கி, அவனுக்காக நாங்கள் செய்த செலவை எல்லாம் தனியாகப் பிரித்தேன். அதில் எந்தெந்தத் தலைப்பை அவன் கைக்கு மாற்றலாம் என்று ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டேன்: தப்பினால் அவனுக்கு உறைக்க வேண்டும், ஆனால் உடம்புக்கோ படிப்புக்கோ சேதம் வரக் கூடாது. சாப்பாடு, மருந்து, பள்ளிக் கட்டணம், போய்வரும் செலவு என் பக்கமே இருக்கும். போன் ரீசார்ஜ், முடிவெட்டு, பேனா பென்சில், நண்பர்களுக்கு வாங்குகிற பிறந்தநாள் பரிசு, உடுப்பு, ஷூ இவை அவன் பக்கம். ஒரு வருஷத்தில் நாங்கள் இவற்றுக்குச் செலவழித்ததை 12-ஆல் வகுத்து மாதாமாதம் அவன் கணக்கில் போடுவது. கூடுதலாக ஒரு சல்லிக்காசு இல்லை, எப்படியும் போகிற பணம்தான், கை மட்டும் மாறுகிறது. மிச்சம் எவ்வளவு ஆனாலும் அவனுடையது. நோட்டை நான் பார்க்க மாட்டேன்.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பழைய கைச்செலவுப் பணத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் கணக்கில் வந்து விழுந்தால் யாருக்குத்தான் புரியும்? அதில் பெரும்பகுதி வருஷத்துக்கு ஒரு முறை வருகிற ஷூவுக்கும் இரண்டு முறை வருகிற உடுப்புக்கும் உரிய தவணை என்று சொல்லித்தான் கொடுத்தேன். தலையாட்டினான். ஆனால் வங்கிச் செயலியைத் திறந்தால் அங்கே தெரிவது ஒரே ஒரு எண். அது உனக்கு இவ்வளவு இருக்கிறது என்று மட்டும் சொல்லும். இதில் எட்டு மாதம் கழித்துக் கிழியப்போகிற ஷூவின் காசும் இருக்கிறது என்று சொல்லாது. இதில் பெரியவர்களே விழுகிறோம். இன்ஷூரன்ஸ் பிரீமியம் வருஷாவருஷம் அதே தேதியில் வருகிறது, வருஷாவருஷம் நமக்கு அது திடீர்ச் செலவு.

நான்காவது மாதம் ஒரு நாள் சாயங்காலம் பள்ளி விட்டு வந்தவன் வாசலிலேயே நின்றான். வலதுகால் ஷூவின் அடி முன்பக்கம் விட்டுக்கொண்டு, நடக்கும்போது வாயைத் திறந்து திறந்து மூடியது. “எப்படியும் மாத்த வேண்டியதுதான், வாங்கிக்க” என்றேன். அவன் காலைப் பார்த்தான். பணம் இல்லை. ஷூவுக்காகச் சேர்ந்திருந்ததும் மற்றதும் சேர்ந்து போன மாதம் ஒரு ஹெட்போனாகவும், போன் விளையாட்டில் ஒரு வீரனுக்குப் போடுகிற கவசமாகவும் ஆகியிருந்தது. கவசத்தை எனக்குக் காட்டியிருக்கிறான், பச்சையாக மின்னும். அதைப் போட்டால் ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட அதிகம் கிடைக்காது, அழகுக்கு மட்டும்தான். அதற்குப் பணம் கட்ட அவன் செய்தது திரையில் விரலை ஒரு முறை வைத்தது. 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பிரிலெக், சிமெஸ்டர் என்ற இருவர் மாணவர்களிடம் விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுகளை ஏலம் விட்டார்கள். ரொக்கமாகக் கட்டச் சொன்னவர்களைவிட அட்டையில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை கேட்டார்களாம். அட்டையாவது பையிலிருந்து வெளியே வர வேண்டும்.

அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. வாங்கிக் கொடுத்துவிட்டால் ஐந்து நிமிஷத்தில் தீர்கிற விஷயம். என்னால் முடியாத தொகையும் இல்லை. மாமியார் மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டார், “பிள்ளை கிழிஞ்ச ஷூவோட போறான், நீ சட்டம் பேசிட்டு இருக்க.” கணவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பர்ஸை எடுத்து வைத்து எடுத்து வைத்து அவர் பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. என் அளவுகோலை நானே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேன். உடம்புக்குச் சேதமா? மழை பெய்தால் கால் நனையும், அவ்வளவுதான். அவமானம்? அது இருக்கும். 15 வயதில் ஷூ வாயைத் திறப்பது சின்ன விஷயமில்லை, அந்த வயதில் நான் தைத்த பையைக் கையால் மறைத்துக்கொண்டு நடந்தது எனக்கு மறக்கவில்லை. ஆனால் என் பையை நான் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை, வீட்டில் இல்லை. இல்லாமையும் பாடமும் ஒன்றா? இருந்தும் கொடுக்காமல் இருப்பது கற்றுத்தருவதா, வறுமையை வைத்து நாடகம் போடுவதா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குத் தெளிவான பதில் கிடையாது. அப்போது கை நீட்டவில்லை என்பது மட்டும் நடந்தது.

அவன் பசை வாங்கி ஒட்டினான். ஒட்டி, அதன் மேல் ஒரு தடிமனான அகராதியை வைத்து ராத்திரி முழுக்க அழுத்தினான். இரண்டு நாள் நின்றது. மறுபடி ஒட்டினான். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து எதிரில் உட்கார்ந்தான். கையில் அந்தப் பழைய கணக்கு நோட்டு, பின்பக்கமாகத் திருப்பி.

“அம்மா, எனக்குக் காசு வேணாம். கைமாத்தா குடுப்பியா?”

அந்தக் கடைசிப் பக்கத்தை விரித்துக் காட்டினான். முன்பக்கத்தில் ஏழு மாதமாக இருந்த முத்துமுத்தான கையெழுத்து இங்கே இல்லை. அடித்தல், திருத்தல், அம்புக்குறி, ஓரத்தில் கூட்டல். ஷூவின் விலையை இரண்டாகப் பிரித்து இரண்டு மாதத்தில் பிடித்துக்கொண்டால் என்ன மிஞ்சும் என்று ஒரு கட்டம், அதன்மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. “இப்படிப் பிடிச்சா அடுத்த மாசம் ரெண்டு பேருக்குப் பிறந்தநாள் வருது, துண்டு விழுது” என்றான். மூன்று மாதமாகப் பிரித்து இன்னொரு கட்டம். அதில் ரீசார்ஜைச் சின்ன பேக்குக்கு மாற்றியிருந்தான், முடிவெட்டை இரண்டு வாரம் தள்ளியிருந்தான், பரிசுகளில் ஒன்றை இன்னொரு நண்பனோடு சேர்ந்து வாங்குவதாகப் போட்டிருந்தான். கடைசி மாதத்தில் ஒரு சின்ன மீதி நின்றது. அதைச் சுற்றி வட்டம் போட்டு ‘உடுப்பு, தொடக் கூடாது’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு.

மூன்று மாதத்தில் நடக்கப்போகிறவற்றை ஒரு தாளில் உட்கார்த்திவைத்து, ஒன்றுக்காக இன்னொன்றை எழுந்து நிற்கச் சொல்லியிருந்தான். யாரும் டிக் போடப்போவதில்லை என்று தெரிந்த பக்கம் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, துணியை மடிப்பதுபோல் குனிந்துகொண்டேன். “வட்டி உண்டா?” என்று கேட்டான். “முதல் தடவை கிடையாது” என்றேன். “ரெண்டாவது தடவை?” என்றான் உடனே. அதையும் பேசி எழுதிக்கொண்டோம்.

பழைய ஷூவைத் தூக்கி எறிய அவன் விடவில்லை. பசை காய்ந்து மஞ்சளாக, கட்டிலுக்கு அடியில் இன்னும் இருக்கிறது.

உன்னுடையது எங்கே

கைமாற்றைத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு நாள் சாதாரணமாகக் கேட்டான்: “நீ எழுதுறியாம்மா? உன்னுது எங்க?” எழுதுகிறேன், மடிக்கணினியில், எக்செல்லில். ஆனால் அதைப் பிள்ளைகள் பார்ப்பது என்பது எங்கள் வீட்டில் யாரும் யோசித்தே பார்க்காத காரியம். சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதெல்லாம் பிள்ளைகள் காதில் விழாமல் குரலைத் தாழ்த்திப் பேசியே பழகியவர்கள் நாங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பிள்ளையிடம் சொல்வோம், நாம் அளக்கிற படியை மட்டும் ஒளித்துவைப்போம்.

கணவரிடம் பேசிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்து காட்டினேன். தொகைகளைக் காட்டவில்லை. மொத்த வருமானம் 100 என்று வைத்து எல்லாவற்றையும் அதற்கு எத்தனை என்று மாற்றியிருந்தேன். 15 வயதில் எண் வெளியே போய்விடும், விகிதம் போகாது என்பது என் எண்ணம். வீட்டுக் கடன் தவணை 31 என்று பார்த்ததும், “எதையும் வாங்கறதுக்கு முன்னாடியே இது போயிடுமா?” என்றான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கீழே இறங்கிக்கொண்டே போனவன் ஓரிடத்தில் நிறுத்தினான். நான் கடைசியாக எப்போது உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனேன் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 14 மாதமாகச் சந்தா மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. “நான் விரலை ஒரு தடவைதாம்மா வச்சேன்” என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, மானமும் போனது. அவன் இன்னும் கீழே போய், “இதர 6” என்று சத்தமாக வாசித்தான். “இதுல என்ன இருக்கு?”

தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு இருவரும் உட்கார்கிறோம், அவரவர் கணக்கோடு. அதிகபட்சம் அரைமணி நேரம். அந்த மாதம் வரப்போகிற செலவுகளை மட்டும் பேசுகிறோம், போனதைப் பேசுவதில்லை. ஷூவுக்கும் உடுப்புக்கும் உரியதை அவனே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுகிறான், கண்ணில் படாமல் இருந்தால்தான் இருக்கும் என்கிறான். விளையாட்டுக்கு இன்னும் செலவழிக்கிறான், அதற்கு ஒரு வரி இருக்கிறது. சில மாதம் அந்த வரி வீங்கி ரீசார்ஜை விழுங்கிவிடுகிறது. அப்போது மாதக் கடைசி வாரம் வீட்டு வைஃபை எட்டுகிற தூரத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பான். பாட்டியின் நோட்டுகளை எழுதுகிறானா என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் நோட்டு மேசைமேல் திறந்து கிடந்தது. மூன்று பேனா, இரண்டு மை, ஒரு இடத்தில் பென்சில். அடியில் கூட்டல் உதைக்கிறது, அதற்குப் பக்கத்தில் ‘எங்கே போச்சுனு தெரியல’ என்று எழுதி வட்டம் போட்டிருந்தான். ‘இதர’ என்று ஒரு வரியும் இல்லை. பழக்க தோஷத்தில் என் கை பேனாவைத் தேடியது.

பின்னாலிருந்து குரல் வந்தது. “அம்மா, அது என்னோடது. பாக்கணும்னா கேட்டுட்டுப் பாரு.”